உப்புக்காற்று வீட்டில் ஒரு 5.1 செட்டைச் சரிசெய்தது

"சண்டை வந்தா சன்னல் அதிருது, பேசுனா ஒண்ணும் வெளங்கல." பொங்கல் கழிந்து நாலைந்து நாளில் அம்மா இதைச் சொன்னார். ரிமோட் அவர் கையிலேயே இருந்தது. ஆட்கள் பேசும்போது ஒலியை ஏற்றுவார். அடிதடி தொடங்கியதும் பதறிப்போய் இறக்குவார். ஒரு படம் முடிவதற்குள் முப்பது நாற்பது தடவை இப்படி. மச்சான் கத்தாரிலிருந்து வந்தபோது ஆசையாய்க் கொண்டுவந்து கொடுத்த செட் அது. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் ஒன்று, முன்னால் வைக்க இரண்டு ஸ்பீக்கர், நடுவுக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு 'சரவுண்ட்' என்று இரண்டு, அடித்தொனிக்குப் பத்து அங்குல சப்வூஃபர் ஒன்று. ஐந்து ஸ்பீக்கருக்கு 5, சப்வூஃபருக்கு .1, அதனால் 5.1. இரண்டு வருஷமாக ஹாலில் இருக்கிறது. அம்மாவுக்கு அதில் ஒரு படத்தைக்கூட நிம்மதியாகக் கேட்க முடியவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீடு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை, ஆனி ஆடியில் சோழகம். எந்தக் காற்று அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வரும். கேட் தாழ்ப்பாள், பீரோ கீல், தையல் மெஷின் ஊசி எல்லாம் அதற்குப் பலியாகும். ஸ்பீக்கர் ஒயரையும் அது தின்னும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஹால் 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், நான்கு பக்கமும் பூசிய சுவர். சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. நடு ஸ்பீக்கர் டிவி அலமாரியின் கீழ்த்தட்டில், முழங்கால் உயரத்தில், தட்டின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது. சப்வூஃபர் இடது மூலையில். செட் வந்த புதிதில் ரிசீவரோடு வந்த மைக்கைச் செருகி, தானியங்கி அளவீட்டை ஓடவிட்டு, அதோடு வேலை முடிந்தது என்று விட்டிருந்தேன்.

புது ரிசீவர், புது ஸ்பீக்கர் என்று விலை பார்க்க ஆரம்பித்தபோது, திருவிழாக்களுக்கு மைக்செட் போடும் அண்ணன் ஒருவரிடம் யோசனை கேட்டேன். அவர் வந்தார். ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினார். 'டர்ர்ர்' என்று ஒரு இழுப்பு சுவருக்குச் சுவர் போய் வந்தது. "தம்பி, பொட்டியக் குத்தம் சொல்லாத. மொதல்ல ஒயரப் பாரு, அப்புறம் ரூமப் பாரு, செட்டிங் எல்லாம் கடைசியில" என்றார். தன்னுடைய ஒலிமட்ட மீட்டரையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் செய்தது முழுக்க அந்த வரிசையில்தான்.

முதலில் இருப்பது இருக்கிறபடியே அளந்து எழுதி வைத்தேன். இதைத் தவறவிடாதீர்கள், பின்னால் ஒப்பிட வேறு வழி கிடையாது. மீட்டரை சி வெயிட்டிங்கிலும் (அடித்தொனியையும் சேர்த்து அளக்கும் முறை), மெதுவான பதிலிலும் (எண் அதிகம் தாவாமல் காட்டும்) வைத்து, அம்மா உட்காரும் இடத்தில் அவர் காது உயரத்தில் பிடித்தேன். ரிசீவரின் சோதனை இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஓடியது. முன் இடது 75 டெசிபல், முன் வலது 74, நடு 70, வலது சரவுண்ட் 76. இடது சரவுண்ட் 66-க்கும் 71-க்கும் நடுவே ஆடியது. சப்வூஃபர் 83. எல்லாமே 75-ஐ ஒட்டி இருக்க வேண்டியவை.

அந்தத் தாளைப் பார்த்ததும் அம்மாவின் புகார் அப்படியே எண்ணில் தெரிந்தது. படத்தில் பேச்சில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வரும். அது 5 டெசிபல் தாழ்ந்து கிடக்கிறது. வெடியும் இடியும் வரும் சப்வூஃபர் 8 டெசிபல் ஏறி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே 13 டெசிபல். எந்த ரிமோட்டால் அதை ஈடுகட்ட முடியும்?

ஏன் அப்படி ஆனது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். தவறு என்னுடையது. அன்றைக்கு அளவீட்டு மைக்கை டீப்பாய் மேல் வைத்திருந்தேன். டீப்பாய் ஹாலின் நட்டநடுவில், ஒன்றரை அடி உயரத்தில் கிடக்கும். கீழ்த்தட்டில் இருக்கும் நடு ஸ்பீக்கர் அந்த மைக்கை நேருக்கு நேர், சோபாவைவிடக் கிட்டத்தில் பார்த்தது. 'இது சத்தம் அதிகம்' என்று ரிசீவர் அதைக் குறைத்துவிட்டது. சப்வூஃபர் விஷயம் இன்னும் நுணுக்கம். 14 அடி என்பது 4.27 மீட்டர். எங்கள் ஊர் வெப்பத்தில், 30 டிகிரி என்று வைத்தால், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். அரை அலை 4.27 மீட்டருக்குள் அடங்கும் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். அந்த 41 ஹெர்ட்ஸ் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவில் நின்று குமுறும். சுவரோரம் உச்சமாகவும், ஹாலின் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். மைக் இருந்தது நடுவில். அங்கே அடித்தொனி கேட்கவில்லை என்று ரிசீவர் சப்வூஃபரை ஏற்றிவிட்டது. அம்மா உட்கார்ந்தது பின்சுவரை ஒட்டி, அதாவது குமுறல் உச்சத்தில் இருக்கும் இடத்தில். கருவி டீப்பாய்க்குக் கச்சிதமாக அளந்து கொடுத்திருக்கிறது. அங்கே யாரும் உட்காருவதில்லை.

சரி, ஒயர்.

ரிசீவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பின்னால் இருந்த எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றினேன். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு ஜோடியையும் அளந்தேன். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் பெரும்பாலும் 6-லிருந்து 7-க்குள் காட்டும், அதுதான் சரி. நான்கு ஜோடி அப்படியே காட்டின. இடது சரவுண்ட் 14 காட்டியது. ஒயரைக் கொஞ்சம் அசைத்தால் 11, விட்டால் 19. நல்ல செப்பு ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டர், 10 மீட்டர் போய்த் திரும்பினாலும் கால் ஓம்கூடச் சேராது. ஆக, நடுவில் எங்கோ ஒரு இணைப்பு செத்துக்கொண்டிருக்கிறது.

அது வடக்குச் சுவரில், சன்னலுக்குப் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸில் கிடைத்தது. வீடு கட்டும்போது ஒயர் எட்டவில்லை என்று அங்கே ஒரு துண்டை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப்பின் பசை இளகி, கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே செம்பே தெரியவில்லை. வெளிர்பச்சைக் களிம்பு, பாசி உலர்ந்த மாதிரி பொரபொரவென்று; அதற்குக் கீழே கருப்பு. விரலால் நசுக்கியதும் நாலைந்து இழை அப்படியே பொடிந்து விழுந்தன. வாடைக்காற்று மோதும் சுவர் அது. சன்னல் சட்டத்துக்கும் பூச்சுக்கும் இடையில் ஒரு மயிரிழை விரிசல். அது வழியாக இத்தனை வருஷம் ஈரமும் உப்பும் உள்ளே போயிருக்கிறது.

களிம்பு பிடித்த ஒயரைச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கினால் போதும் என்று நினைக்கக் கூடாது. பல இழை ஒயரில் ஈரம் இழைகளுக்கு நடுவே உறிஞ்சப்பட்டு உறைக்குள்ளேயே போகும். நான் ஒரு அங்குலம் வெட்டினேன், கருப்பு. இன்னொரு அங்குலம், பழுப்பு. நாலாவது அங்குலத்தில்தான் புதுச் செம்பின் நிறம் வந்தது. கருத்த செம்பில் ஈயமும் ஒட்டாது, உருண்டு விழும். அதுவே நல்ல சோதனை. கடைசியில் அந்த முறுக்கு இணைப்பையே வேண்டாமென்று முடிவு செய்து, ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒரே நீளத்தில் புது ஒயர் இழுத்தேன். வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவுதான், ஆனால் உப்புக்காற்றுக்கு நிற்காது. முனைகளில் ஈயம் பூசி, பனானா பிளக் மாட்டி, பிளக்கின் கழுத்தில் உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை லைட்டர் சூட்டில் இறுக்கினேன். ரிசீவரின் டெர்மினல்களுக்கு உப்புத்தாள் போட்டுவிடாதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த வருஷம் அதுவும் பச்சையாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சே போதும்.

அடுத்து, பிளஸ் மைனஸ். 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டேன். ரிசீவரிலிருந்து கழற்றிய ஒயர் முனையில், சிவப்பில் பேட்டரியின் பிளஸ்ஸையும் கருப்பில் மைனஸ்ஸையும் ஒரு நொடி தொட்டேன். அந்தப் பக்கம் அக்கா மகன் வூஃபர் கூம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். "வெளிய வருது மாமா" என்றால் சரி. முன் இடது வெளியே வந்தது. நடு, வெளியே. முன் வலதுக்கு, "உள்ள போகுது மாமா" என்றான். மூன்று தடவை தொட்டோம், மூன்று தடவையும் உள்ளேதான். பரண் வழியாகப் போகும் அந்த ஒயரிலும் நடுவில் ஒரு முறுக்கு இணைப்பு. சிவப்பும் கருப்பும் அங்கே இடம் மாறியிருந்தன.

இரண்டு முன் ஸ்பீக்கரில் ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால், கீழ்த்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும்; இரண்டுக்கும் பொதுவாக நடுவில் நிற்க வேண்டிய குரல் திக்குத் தெரியாமல் ஹால் முழுக்கப் பரவும். பாட்டில் பாடகர் எங்கே நிற்கிறார் என்றே சொல்ல முடியாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். தானியங்கி அளவீடு ஓடியபோது ரிசீவர் திரையில் 'ஃபேஸ்' என்று ஒரு எச்சரிக்கை வந்தது இப்போது ஞாபகம் வருகிறது. தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன். அந்த எச்சரிக்கை சில சமயம் பொய்யாகவும் வரும், ஆனால் பேட்டரியும் ஒரு ஆளும் இருந்தால் பத்தே நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: ரிசீவரில் ஒயர் மாட்டியிருக்கும்போது பேட்டரி தொடவே கூடாது.

இனி இடம். 5.1-க்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்லும் அமைப்பு இருக்கிறது. கேட்பவருக்கு நேர் முன்னே நடு ஸ்பீக்கர். முன் இடதும் வலதும் இரண்டு பக்கமும் 30 டிகிரியில். சரவுண்ட் இரண்டும் 100-லிருந்து 120 டிகிரிக்குள், அதாவது காதுக்குக் கொஞ்சம் பின்னால். பாகைமானி எல்லாம் வேண்டாம். கொத்தனார் நூலை எடுத்து, முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் காதுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாய் வரும்படி பார்த்தால் 30 டிகிரி தானாக வந்துவிடும். எங்கள் ஹாலில் 2.6 மீட்டரும் 2.8 மீட்டரும் அமைந்தன. கோணம் 28-ஐ ஒட்டி. அதற்குச் சோபாவைப் பின்சுவரிலிருந்து மூன்று அடி முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்குமா என்று தயங்கினேன். "பின்னால கூட்டிப் பெருக்க வழி கெடச்சுச்சு" என்று சொல்லிவிட்டார்.

இந்த மூன்று அடிதான் எல்லா வேலையிலும் அதிகப் பலன் கொடுத்தது என்று நினைக்கிறேன். காசு ஒன்றும் செலவில்லை. பின்சுவரில் குமுறிக்கொண்டிருந்த 41 ஹெர்ட்ஸ், சோபா நகர்ந்ததுமே நன்றாக அடங்கியது.

நடு ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்பு வரை முன்னால் இழுத்தேன். உள்ளே தள்ளி இருந்தால் தட்டின் மரமே குரலைத் திருப்பி அடித்துக் கலங்கடிக்கும். உயரம் குறைவு என்பதால் முன்பக்கத்தை நிமிர்த்த வேண்டும். தோப்பில் கிடந்த பனஞ்சட்டத் துண்டு ஒன்றை ஆசாரியிடம் கொடுத்து ஆப்பு மாதிரி சீவி வாங்கினேன். பனை கனம், அதிராது, கரையானும் லேசில் அரிக்காது. ஆப்புக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை இரண்டு பட்டையாக வெட்டி வைத்தேன். அம்மா இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஸ்பீக்கரின் ட்வீட்டர் (மேல்தொனி தரும் சின்ன வட்டு) இப்போது நேராக முகத்தைப் பார்த்தது.

சப்வூஃபருக்கு ஒரு பழைய வழி உண்டு. அதைத் தூக்கிச் சோபாவில், ஆள் உட்காரும் இடத்திலேயே வைத்துவிட்டு, கீழ்த்தொனி தொடர்ந்து வரும் எதையாவது ஓடவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து சுவரோரமாகப் போக வேண்டும். எங்கே அடித்தொனி சீராக, ஒரே சுருதி மட்டும் துருத்தாமல் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்தால், அதே சீர் சோபாவில் கேட்கும். மூலையில் எல்லாமே பெருத்துக் கேட்டது. முன்சுவரில், இடது ஸ்பீக்கருக்கும் டிவி அலமாரிக்கும் நடுவே ஒரு இடத்தில் சீராக இருந்தது. அங்கேயே வைத்தேன்.

அதைச் சரிபார்க்கக் கணினியில் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், அளவீட்டுக் கோப்போடு வரும் யுஎஸ்பி மைக் ஒன்றும் பயன்படுத்தினேன். போன் செயலிகள் ஒலிமட்டத்தை ஒப்பிட ஓரளவு உதவும், ஆனால் போன் மைக் அடித்தொனியைச் சரியாக எடுக்காது. சப்வூஃபருக்கு அதை நம்ப வேண்டாம். பகலில் அளந்தால் காற்றும், ரோட்டில் போகும் வண்டியும் கலந்துவிடும். மாசி மாதம் கடல் அடங்கியிருக்கும் என்பதால் விடியற்காலை நாலு மணியைத் தேர்ந்தெடுத்தேன். அப்படியும் ஒரு தடவை வரைபடத்தில் 30 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு வந்து குழப்பியது. மறுபடி ஓட்டினேன், காணோம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ராமேஸ்வரம் வரை ரயில் மறுபடி போகிறது. தண்டவாளம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ரயில் கடந்துபோன நேரத்தில் நான் அளந்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஓட்டி, மூன்றும் ஒத்துப்போனால்தான் எழுதுகிறேன். மூலையில் 41 ஹெர்ட்ஸில் 11 டெசிபல் மேடு இருந்தது; புது இடத்தில் 5 ஆகக் குறைந்தது.

அறையின் எதிரொலிதான் பாக்கி. மைக்செட் அண்ணன் கைதட்டிக் காட்டிய அந்த இழுப்பு. கணினி அதை 1.1 நொடி என்று காட்டியது. ஒரு சொல் சொல்லி முடிந்த பிறகும் அதன் வால் அடுத்த இரண்டு மூன்று சொல்லின் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். வயதானவர்களின் காதுக்கு இந்த வால்தான் பெரிய எதிரி. சத்தத்தைக் கூட்டினால் வாலும் சேர்ந்து கூடும். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். முற்றத்தில் மெதுவாகப் பேசினால் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஹாலில்தான் கேட்காது.

எதிரொலியை உறிஞ்ச, நகரத்தில் கண்ணாடிக் கம்பளிப் பலகை கிடைக்கும். எங்கள் பக்கம் தென்னை நார் கிடைக்கும். ரப்பர் பால் தெளித்து அழுத்திய இரண்டு அங்குல நார்ப் பலகையை, மெத்தைக்குள் வைப்பதற்கென்று விற்பார்கள். கண்ணாடிக் கம்பளி அளவுக்கு உறிஞ்சாது. அந்தக் குறையைச் சுவரிலிருந்து தள்ளி மாட்டி ஓரளவு ஈடுகட்டலாம். நாலுக்கு இரண்டு அடியில் ஆறு பலகை. ஒவ்வொன்றுக்கும் சவுக்குச் சட்டம் அடித்து, பருத்தி வேட்டித் துணி போர்த்தி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினேன். அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள் அசையாது. தள்ளி நின்றால்தான் நாருக்குப் பிடிக்க ஏதாவது இருக்கும். அதோடு பின்னால் காற்றோட்டம் இல்லையென்றால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்துவிடும்.

எங்கே மாட்டுவது என்பதற்குக் கண்ணாடி போதும். அம்மா தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் ஒட்டி நகர்த்திக்கொண்டே போனேன். "இப்ப பொட்டி தெரியுது" என்று அவர் சொன்ன இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். ஸ்பீக்கரின் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடம் அதுதான். பக்கத்துக்கு இரண்டு பலகை, பின்சுவரில் இரண்டு. முன்னால் டைல்ஸ் மேல் ஒரு கெட்டி நார் விரிப்பு, வடக்குச் சன்னலுக்கு மடிப்பு அதிகம் விட்ட கனத்த திரை. மறுபடி அளந்தபோது 0.6 நொடி. கைதட்டினால் 'டர்ர்ர்' இல்லை. தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றது.

இதற்கெல்லாம் பிறகுதான் ரிசீவரின் மெனுவைத் தொட்டேன். மைக்கை டீப்பாயிலும் வைக்கவில்லை, சோபாவின் சாய்விலும் வைக்கவில்லை. கேமரா ஸ்டாண்டில் மாட்டி அம்மாவின் காது உயரத்தில், அவர் தலை இருக்கும் புள்ளியிலேயே நிறுத்தினேன். ரிசீவர் ஆறு இடங்களில் அளக்கும்; முதல் இடம்தான் முக்கியம். தூரமும் ஒலிமட்டமும் அங்கிருந்துதான் எடுக்கப்படும். மீதி ஐந்து இடங்களை அந்தப் புள்ளியைச் சுற்றி இரண்டடிக்குள் வைத்தேன். ஃபேன் நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, எல்லோரும் வெளித் திண்ணையில்.

முடிவை அப்படியே ஏற்காமல் நான்கு விஷயங்களைக் கையால் பார்த்தேன். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று, அதாவது அடித்தொனியையும் அவையே எடுக்கும் என்று போட்டிருந்தது. ஆறரை அங்குல வூஃபருக்கு அது பொருந்தாது. 'ஸ்மால்' ஆக்கி 80 ஹெர்ட்ஸில் பிரித்தேன், அதற்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போகும். நடுவுக்கும் சரவுண்டுக்கும் 100. சப்வூஃபரின் பின்னால் இருக்கும் பிரிப்புத் திருகை உச்சத்தில் வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு இடத்தில் வடிகட்டி நடுவில் பள்ளம் விழும்.

தூரத்தை டேப்பால் அளந்து ஒப்பிட்டேன். ஐந்தும் அரை அடிக்குள் ஒத்துப்போயின. சப்வூஃபர் மட்டும் மூன்று மீட்டருக்குள் இருப்பதை ஐந்து மீட்டருக்கு மேல் என்று காட்டியது. அதைத் திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் வடிகட்டி ஒலியைச் சில மில்லி நொடி தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தை ரிசீவர் தூரமாக எழுதுகிறது, அவ்வளவுதான். மச்சான் போனில் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: வெயில் ஏறினால் ஒலியின் வேகம் கூடுமே, சித்திரையில் தூரத்தை மாற்ற வேண்டுமா? கூடும்தான், ஆனால் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே விகிதத்தில். இந்த அளவு ஹாலில் அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் கவனிக்கிற அளவுக்கு மாறாது.

கடைசியாக மீட்டர். ஒவ்வொன்றையும் 75-க்குக் கொண்டுவந்தேன். அரை டெசிபல் முன்பின் இருந்தால் பரவாயில்லை. சப்வூஃபரையும் முதலில் 75-இல் நிறுத்தினேன். பிறகு, இது முழுக்க என் முடிவு, நடு ஸ்பீக்கரை 2 டெசிபல் ஏற்றினேன். அளவுகோல் சொல்வது சமம்தான். ஆனால் வடகிழக்குக் காற்று தோப்பில் இரைகிற ராத்திரிகளில் அந்த இரண்டு டெசிபல் அம்மாவுக்கு வேண்டியிருக்கிறது. ராத்திரி நேர முறை என்று ரிசீவரில் ஒரு வசதி உண்டு. உரத்ததை அமுக்கி மெல்லியதை ஏற்றும். முன்பு அது இல்லாமல் முடியவில்லை. இப்போது அணைத்தே வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அம்மா ஏற்கெனவே பார்த்து அலுத்துப்போன படம் ஒன்றைப் போட்டேன். முன்பு ஒலியளவு 60-க்கு மேல் வைத்தால்தான் பேச்சு கேட்கும். 48-இல் தொடங்கினேன். பத்து நிமிஷம் கழித்து, "இவ அப்பவே அவன்கிட்ட சொல்லித்தான் இருக்கா, நான் இத்தன நாளா கவனிக்கல" என்றார், கதையைப் பற்றி. ஒரு சமையலறைக் காட்சியில் பாத்திரம் வைக்கும் சத்தத்துக்கு நடுவே முனகலாக வரும் ஒரு வரி அது. சண்டைக் காட்சி வந்தது. அவர் கை ரிமோட்டைத் தேடிப் போய், தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது.

இன்னும் முடியாதது ஒன்று இருக்கிறது. 57 ஹெர்ட்ஸில், தரைக்கும் கூரைக்கும் நடுவே வரும் ஒரு பள்ளம். பள்ளத்தை ஈக்வலைசரால் ஏற்ற முயலக் கூடாது. எவ்வளவு ஊற்றினாலும் அந்த இடத்தில் ரத்தாகிப் போகும், ஆம்ப்ளிஃபையருக்குத்தான் பாரம். மேட்டைத்தான் குறைக்கலாம். மச்சான் அடுத்த லீவில் வரும்போது இரண்டாவது சப்வூஃபர் ஒன்றை வேறு உயரத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.

எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி டிவி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்: ஒலிமட்டம், தூரம், சோபா காலுக்குத் தரையில் வைத்த பென்சில் குறி, ஒவ்வொரு ஒயரின் ஓம் அளவு. சன்னல் விரிசலுக்குப் பட்டி வைத்தாயிற்று. புரட்டாசி கடைசியில், வாடை இறங்குவதற்கு முன், பிளக்குகளைக் கழற்றி அந்த ஓம் அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும். வடக்குச் சுவர் ஒயர்தான் முதலில்.